பாட்டுப் போட்டியும் பரிசும்



பாடசாலை மண்டபத்தில் குழு இசைப் போட்டி முடிந்து, நடுவர்கள் புள்ளித் தாள்களைக் கூட்டிக்கொண்டிருக்கும் வேளையை நீங்கள் கண்டிருப்பீர்கள். மேடையிற் பாடியபோது நடுங்காத பிள்ளைகள் அப்பொழுது நடுங்குவர். பெற்றோர் வாய்திறவாது வீற்றிருப்பர். அந்தச் சில நிமிடங்களின் பின்னால் இரண்டு கேள்விகள் மறைந்து நிற்கின்றன. யாரோடு யாரைப் போட்டியிடச் செய்வது என்பது ஒன்று. எதற்காகப் பரிசு வழங்குவது என்பது மற்றொன்று. முன்னதைப் பிரிவு என்றும் பின்னதைப் பரிசு என்றும் கூறுகிறோம். இவ்விரு கேள்விகளும் இன்று நேற்றுத் தோன்றியன அல்ல.

சங்க காலத்துப் புரவலர் பாணருக்குப் பொற்றாமரைப் பூவையும், விறலியருக்குப் பொன்னணிகளையும் வழங்கினர் என்பதைப் பொருநராற்றுப்படை முதலிய நூல்களால் அறிகிறோம். அது போட்டியன்று, கொடையே. எனினும், பாடுவோர்க்கு ஒரு பரிசும் ஆடுவோர்க்கு வேறொரு பரிசும் என்ற பாகுபாடு அங்கேயே முளைவிட்டுவிட்டது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு வந்தால், அப்பாகுபாடு மிக நுட்பமாக வளர்ந்திருப்பதைக் காணலாம். ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவி, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடினாள். ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்டது அவ்வரங்கு. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர்க்கும் இருக்கவேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். மாதவி பெற்ற பரிசு தலைக்கோற் பட்டமும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறுமதியான மாலையுமாகும். பரிசு ஒருத்திக்கே உரியதாயினும், அதற்குப் பின்னால் நின்றோர் பலர் என்பதைக் கவிஞர் மறக்கவில்லை.

தீர்ப்பின் நேர்மை பற்றிய கதையொன்றும் நம்மிடம் உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலே இசைவாது வென்ற படலம் என்றொரு படலம் உள்ளது. அதில் பாணபத்திரரின் மனைவியோடு போட்டியிட வருபவள் ஈழத்துப் பாடினி ஒருத்தியே. அந்தப்புரத்துப் பொறாமையொன்றின் காரணமாகப் பாண்டியன் தன் மனத்துள் முன்னரே முடிவு செய்துவிடுகிறான். மன்னனின் குறிப்பறிந்த அவையோரும் அவன் சொன்னதையே சொல்கின்றனர். பின்னர் இறைவன் திருமுன்னிலே வாது நிகழ்ந்தபோதுதான் உண்மை வெளிப்படுகிறது. ஈழத்தவள் தோற்றாளே என்று நாம் வருந்த வேண்டுவதில்லை. பாடுமுன்னரே எழுதப்பட்ட தீர்ப்பு வென்றவளுக்கும் பெருமை தராது என்பதே அக்கதையின் கருத்து.

மேனாட்டிலும் இத்தகைய மரபு உண்டு. வேல்சு நாட்டில் 1176ஆம் ஆண்டு ரைஸ் என்னும் பிரபு கார்டிகன் கோட்டையில் பெருவிழாவொன்றை நடத்தினான். கவிதைக்கு ஒரு நாற்காலி, இசைக்கு ஒரு நாற்காலி என இரண்டு இருக்கைகளே பரிசாக வைக்கப்பட்டன. கவிதைப் பரிசை வடபாலார் பெற்றனர். இசைப் பரிசை அவனது சொந்த நாடான தென்பாலார் பெற்றனர். அவ்விழாவின் வழிவந்ததாகக் கருதப்படும் அயிஸ்தெத்வொத் என்னும் விழாவில், சிறந்த கவிஞரை நாற்காலியில் அமர்த்தும் வழக்கம் இன்றும் நிலவுகிறது.

இனி நமது குடாநாட்டுக்கு வருவோம். 1931ஆம் ஆண்டில் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை போட்டி நடத்துவதையன்றித் தேர்வு நடத்துவதையே தன் பெரும்பணியாகக் கொண்டது. தரம் தரமாகப் பரீட்சை வைத்து, முடிவிற் கலாவித்தகர் என்னும் பட்டம் வழங்கும் முறை அதனுடையது. இங்கே ஒருவர் தேறுவதற்கு மற்றொருவர் தோற்கவேண்டியதில்லை. வகுத்த அளவை எட்டியோர் அனைவரும் தேறுவர். 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக்கல்லூரி தோன்றியபின் நமது பாடசாலைகளுக்கு இசையாசிரியர் கிடைக்கும் வழியும் விரிந்தது.

கல்வியமைச்சு நடத்தும் அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டி இதனின் வேறுபட்டது. பாவோதல், பேச்சு, தனியிசை, குழு இசை, நடனம், நாட்டார் பாடல், வில்லுப்பாட்டு, இலக்கிய நாடகம் எனப் பல துறைகள் அதில் அடங்கும். ஆரம்ப வகுப்பு முதல் உயர்தர வகுப்பு வரை மாணவர் பல பிரிவுகளாகப் பிரிக்கப்படுவர். பாடசாலையில் வென்றோர் வலயத்துக்கும், வலயத்தில் வென்றோர் மாகாணத்துக்கும், அங்கே வென்றோர் தேசிய மட்டத்துக்கும் செல்வர். ஏணி உயர உயர ஏறுவோர் தொகை குறைகிறது. இசையாசிரியரே இல்லாத தீவகத்துச் சிறு பாடசாலையும், பக்கவாத்தியக் கலைஞர் பலரைக் கொண்ட நகரத்துப் பெரும் பாடசாலையும் ஒரே படியில் நின்றே தொடங்கவேண்டியிருப்பது இதன் குறையாகும்.

அமெரிக்க நாட்டு உயர்நிலைப் பாடசாலைகளிலே பாடிக்கொண்டே ஆடும் பெருங்குழுக்கள் பல உள்ளன. அவற்றின் போட்டிகளை நோக்கின், இக்குறைக்கு அவர்கள் தேடிய பரிகாரம் விளங்கும். ஆண்களும் பெண்களும் கலந்த குழு, பெண்கள் மட்டுமே கொண்ட குழு, தேர்ந்தோர் குழு, புதியோர் குழு எனப் பிரிப்பர். சில இடங்களிற் பாடசாலையின் பருமனையும் கணக்கிற் கொள்வர். ஒவ்வொரு பிரிவிலும் முதன்மை பெற்றோரைத் தெரிவதோடு, குரலுக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று, வாத்தியத்துக்கு ஒன்று எனத் தனிப் பரிசுகளும் வழங்குவர். பல போட்டிகளிலே பகலில் உயர்ந்த புள்ளி பெற்ற சில குழுக்கள் இரவில் மீண்டும் பாடி, அனைத்திலும் மேலான வெற்றிக்குப் போட்டியிடும். இளங்கோவடிகள் தண்ணுமையோனையும் குழலோனையும் தனித்தனியே மதித்ததை இதனோடு ஒப்பிட்டு மகிழலாம். ஆயினும் பரிசுகள் பெருகப் பெருகப் பரிசின் மதிப்புக் குறையும் என்ற அச்சமும் அங்கே உண்டு.

பிரிவு வகுப்பது வெறும் எழுதுவினைஞர் வேலையன்று என்பதை நான் என் பிழையினாலேயே கற்றேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே இடம்பெயர்ந்ததை நேயர்கள் அறிவீர்கள். மறுவருடம் நாங்கள் ஊர் திரும்பியபோது, பல பிள்ளைகள் படிப்பில் ஓராண்டை இழந்திருந்தனர். அதன் பின் சில காலத்தில், இளம் ஆசிரியனாயிருந்த நான் பிள்ளைகள் பன்னிருவரைக் குழு இசைப் போட்டியொன்றுக்கு அழைத்துச் சென்றேன். அப்போட்டியின் பிரிவுகள் வயதின்படி வகுக்கப்பட்டிருந்தன. நானோ விதிகளைச் சரியாகப் படியாமல், வகுப்பின்படி பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் நன்றாகவே பாடினர்; முதலிடமும் அவர்களுக்கே என அறிவிக்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்தபோது ஒரு பிள்ளையின் வயது எல்லையைச் சில கிழமைகள் கடந்திருந்தது. முடிவு மாற்றப்பட்டது. விதி விதியே, நடுவர் மீது குறையில்லை.

திரும்பும் வழியில் அந்தப் பிள்ளை என்னிடம் மெல்லக் கேட்டாள்: "நான் நிக்காட்டி அவைக்குப் பரிசு கிடைச்சிருக்கும், என்ன சேர்?"

பிழை என்னுடையது என்று அவளிடம் கூறினேன். அவள் அதை நம்பியதாகத் தெரியவில்லை. போரினால் ஓராண்டை இழந்த பிள்ளை, அவ்விழப்புக்காக இரண்டாம் முறையும் தண்டிக்கப்பட்டாள். அன்று தொட்டு, எந்தப் போட்டியின் சுற்றுநிருபம் வந்தாலும் பரிசுப் பட்டியலைப் பார்க்குமுன் பிரிவுகளின் விளக்கத்தையே நான் முதலில் வாசிப்பேன்; ஆசிரியர்களையும் அவ்வாறே வாசிக்கச் செய்கின்றேன்.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, பிரிவு என்பது பிள்ளைகளை விலக்குவதற்கு இட்ட வேலியன்று. சமமானவரைச் சமமானவரோடு நிறுத்துவதற்கான ஒழுங்கு. வயதையும் வகுப்பையும் மட்டுமன்றி, பாடசாலைக்குக் கிட்டிய வசதியையும் அது எண்ணவேண்டும். இரண்டாவது, போட்டியின் முறையும் தேர்வின் முறையும் ஒன்றையொன்று தழுவி நிற்பது நன்று. முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் மேடையிலேயே, குறித்த தரத்தை எட்டிய குழுக்கள் அனைத்துக்கும் சான்றிதழ் வழங்கினால் எவர்க்கும் நட்டமில்லை. மூன்றாவது, நடுவர் தாம் இட்ட புள்ளிகளோடு சுருதி, லயம், சொற்றெளிவு, கூட்டிசைவு என்பன பற்றி இரண்டு வரியேனும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். காரணம் கூறப்படாத தோல்வி பிள்ளைக்கு எதையும் கற்பிப்பதில்லை.

தலைக்கோல் பெற்றவள் ஒருத்தியே. ஆயினும் அன்று பூம்புகாரிலே ஆடப் பயின்ற சிறுமியர் பலர் இருந்திருப்பர். அவர்களும் தங்கள் வீட்டு முற்றத்தில் தொடர்ந்து பாடியிருந்தாலன்றி அக்கலை நம்மிடம் வந்து சேர்ந்திராது. போட்டி முடிந்து வீடு திரும்பும் பிள்ளை, வென்றாலும் தோற்றாலும், மறுநாளும் பாட விரும்புமாறு நமது பிரிவுகளையும் பரிசுகளையும் அமைப்பது ஆசிரியராகிய எங்கள் கடமை. அதற்குத் துணைநிற்பது பெற்றோராகிய உங்கள் கடமை.