இரணைமடுவின் நீர்மட்டமும் ஏட்டுப் படியும்

கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்து வேலை, 1920களின் தொடக்கத்தில் நிறைவெய்திற்று. குளத்தின் நீர்மட்டத்தை அளவுகோலிற் பார்த்து அடிக்கணக்கில் ஏட்டிற் பதிவது பழைய வழக்கம். அதனைப் பெயர்த்தெழுதிய படியே பிற அலுவலகங்களுக்குச் செல்லும். எழுதிய பின் நீர் ஏறினும் இறங்கினும் படி அறியாது. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பதென்பது குளத்து நீரைப் பொறுத்தது. பழைய எண்ணை நம்பினால் வாய்க்காற் கடைக்கோடி வயல்கள் காயும்.

இன்றோ இணையத் தரவுத்தளத்தோடு கணினி அட்டவணையை இணைத்துவிட்டால், மூலத்தில் மாறிய எண் குறித்த நேரந்தோறும் அட்டவணைக்கும் வந்துசேரும். அளவுகோலைப் பிழையாக வாசித்தால் அப்பிழையும் அவ்வாறே வரும் என்பது வேறு கதை.

148 மில்லியன் கன மீற்றர் நீர் கொள்ளுமாறு உயர்த்தப்பட்ட குளம் 2018 டிசம்பரில் திறக்கப்பட்டது. அம்மாதமே கிளிநொச்சியைப் பெருவெள்ளம் சூழ, வான்கதவுகள் திறக்கப்பட்டன. அவ்விரவில் நேற்றைய படியால் எவருக்கும் பயனிருந்திராது.