இரண்டு விடியல் பார்த்த விமானம்

வருசநாட்டுப் பக்கம் போய், "மதுரை எவ்வளவு தூரம்?"னு கேட்டுப் பாருங்க. கிலோமீட்டர் கணக்கு வராது, எத்தனை மணி நேரம்னுதான் பதில் வரும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வத்திராயிருப்பு நேர்கோட்டில் பக்கம்தான். ஆனா பஸ்ல போகணும்னா ஆண்டிபட்டி வரைக்கும் இறங்கிச் சுத்தணும். மலை ஊர்க்காரங்களுக்குத் தூரம் வேற, நேரம் வேற.

ஆகாயத்தில் மலை குறுக்கே வராது. அங்கே தூரக் கணக்கு சுலபம். பூமி உருண்டை, இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிஞ்சா, பூமியின் மையத்தில் இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் கிடைச்சிடும். ஒரு டிகிரிக்கு சுமார் 111 கிலோமீட்டர். இலங்கையின் தென்கோடியில் காலிக்குப் பக்கத்தில் கொக்கல, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த்: கோணம் கிட்டத்தட்ட 51 டிகிரி. பெருக்கினா சுமார் 5,650 கிலோமீட்டர் வருது.

இந்த இரண்டு ஊரைச் சும்மா எடுக்கல. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போச்சு. லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருந்த விமானப் பாதை அறுந்தது. அதை ஒட்டவைக்க 1943-ல் குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினா கடல் விமானங்களை இறக்கியது. பெர்த்தில் ஸ்வான் ஆற்றிலிருந்து கிளம்பி, கொக்கல ஏரியில் இறங்கணும். நடுவில் முழுக்க இந்தியப் பெருங்கடல்.

விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர். வகுத்தா 28 மணி நேரம். இது தாளில் வர்ற கணக்கு. எதிர்காத்து மணிக்கு 30 கிலோமீட்டர் அடிச்சா, தரைக் கணக்கில் வேகம் 170 ஆகும். பயணம் 33 மணி நேரத்தைத் தொடும். அவங்க பதிவு செஞ்ச மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம்! நேரம் கூடினா பெட்ரோலும் கூடணும். அதனால சுமார் 9,000 லிட்டர் பெட்ரோலை ஏத்தினாங்க. அந்தக் கனத்துக்கு ஈடா மத்ததைக் குறைச்சாங்க: மூணு பயணிகள், 69 கிலோ தபால், அவ்வளவுதான்.

ஜப்பானியர் ரோந்து வர்ற பகுதியை இருட்டில் கடக்கணும். ரேடியோவில் பேசினா இருக்கிற இடம் காட்டிக்கொடுக்கும், அதனால பேச்சே கிடையாது. வழி காட்டியது நட்சத்திரங்களும் கையில் இருந்த செக்ஸ்டன்ட்டும்தான். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பேர்தான் வெச்சிருந்தாங்க. அதில் அல்டேர், அன்டாரிஸ், ஸ்பைகா மூணும் நம்ம பஞ்சாங்கத்துத் திருவோணம், கேட்டை, சித்திரை. கணக்கில் ஒரு டிகிரி பிசகினா, கடைசியில் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பாங்க. பெட்ரோல் தீர்ற நேரத்தில் நூறு கிலோமீட்டர்ங்கிறது உயிர்.

ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிச்சதால், 'இரட்டைச் சூரியோதயம்'னு பேர் வந்தது. பயணிகளுக்கு அதுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தாங்க. இன்னைக்கு ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டரில் இதே தூரத்தை ஏழு மணி நேரத்துக்குள் தாண்டிடும். சான்றிதழ் யாரும் தர்றதில்லை.

1945 ஜூலை வரைக்கும் 271 தடவை கடந்தாங்க. ஒரு விமானத்தையும் இழக்கல. ஆனா அவை அமெரிக்காவின் லென்ட்-லீஸ் ஒப்பந்தத்தில் வந்தவை. போர் முடிஞ்சதும் அவற்றைக் கடலில் மூழ்கடிச்சுட்டாங்க.