எருக்குழியின் சரித்திரம்

நமது சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களிற் பல, தலைமுறை தலைமுறையாய்த் தோட்டக்காலில் காய்கறி பயிரிட்டு வருவன. அப்படியிருந்தும், சாணத்தையும் குப்பையையும் வெயிலிலும் மழையிலும் வீணே கிடக்கவிட்டு, விலைக்கு வாங்கும் ரசாயன உரம் ஒன்றையே நம்பும் வழக்கம் நம்மிடையே மிகுந்துவிட்டது. இதனை எழுதும் நாமும் முன்னோர் வெட்டிய குழியைத் தூர்த்தவர்களே. ஆதலின் எருவின் சரித்திரத்தைச் சிறிது நினைப்பூட்ட விரும்புகிறோம்.

எருவின் மேன்மை நம்மவர்க்குப் புதிதன்று. திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில் அதனை உழுதலினும் மேலாக வைத்தார். எனினும் பிற்காலத்தில், இந்தியக் குடியானவன் அறியாமையால் சாணத்தை எரித்துவிடுகிறான் என்ற பழிச்சொல் எழுந்தது. 1889-ஆம் ஆண்டில் இந்நாட்டு விவசாயத்தை ஆராய்வதற்காக இங்கிலாந்திலிருந்து வோல்க்கர் என்னும் ரசாயன நிபுணர் அனுப்பப்பட்டார். 1893-இல் வெளியான தம் அறிக்கையில் அவர் அப்பழியை மறுத்தார். விறகு கிடைக்குமிடங்களில் குடியானவன் பெரும்பாலும் சாணத்தை எரிப்பதில்லை. குறை அவன் அறிவிலன்று, விறகின்மையிலே என்பது அவர் கண்ட உண்மை.

சாணம் அடுப்புக்குப் போய்விட்டால் நிலத்துக்கு என் செய்வது? இவ்வினாவிற்கு விடை தேடியவருள் முக்கியமானவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905-இல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்த அவர், குடியானவர்களையே தமக்கு ஆசிரியராகக் கொண்டார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் அவர் செய்த பரிசோதனைகளின் பயனாக 'இந்தூர் முறை' உண்டாயிற்று. யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து அதனை 1931-இல் நூலாக வெளியிட்டார்.

அம்முறை எளியது. இலை, தழை, தாள், களை ஆகியவற்றைப் பரப்பி, அவற்றின்மேல் சிறிதளவு சாணமும், கோமூத்திரம் ஊறிய மண்ணும், சாம்பலும் இட்டு, அடுக்கடுக்காய்க் குழியை நிரப்பி நீர் தெளிக்க வேண்டும். இடையில் மும்முறை புரட்டிவிட்டால், ஏறக்குறைய 3 மாதத்தில் எரு பக்குவமாகும். குப்பையை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் காற்றும் ஈரமும் வேண்டும், புரட்டுதல் அதன்பொருட்டே. காற்றில்லையேல் குழி நாற்றமெடுக்கும், தழைச்சத்தும் வீணாகும்.

கத்தரி, வெண்டை, கீரை முதலியவை குறுகிய காலத்தில் நிலத்திலிருந்து மிகுந்த சத்தை வாங்குவன. மக்கிய எரு அச்சத்தை மெல்ல மெல்ல ஈவதோடு, மணற்பாங்கில் ஈரத்தை நிறுத்தும், களிமண்ணை இளக்கும், மண்புழுவைப் பெருக்கும். மக்காத பச்சைச் சாணமோ இளம்பயிரைக் கெடுக்கும். எரு ஒரே போகத்தில் அற்புதம் செய்யாது என்பதையும், அளவு அதிகம் வேண்டும், உழைப்பும் வேண்டும் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் இட்டுவரின் நிலம் திருந்தும்.

ஆகவே, அன்பர்களே! வீட்டுக்கொரு குழி வெட்டுங்கள். அடுப்பங்கரைக் கழிவும் கொல்லைச் சருகும் அதிற் சேரட்டும். தூர்த்த குழியை நாம் இம்மாதமே மறுபடி வெட்டத் தொடங்கிவிட்டோம். நம் மக்களுக்கு நிலத்தை விட்டுச் செல்லும்போது அதன் வளத்தையும் சேர்த்தே விட்டுச் செல்வோமாக.