திண்ணைப் பள்ளியும் அறக்கல்வியும்

இன்றைய பள்ளியின் கால அட்டவணையில் மொழிக்கு ஒரு பாடவேளை, கணக்கிற்கு ஒரு பாடவேளை, நன்னெறிக்கு ஒரு பாடவேளை எனத் தனித்தனியே வகுத்துள்ளனர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் இத்தகைய பிரிவு இல்லை. தனி வேளை இல்லாமையால் அப்பள்ளிகள் அறத்தைப் புறக்கணித்தன என்று எண்ணுதல் பிழையாகும். எழுத்து எங்கே முடிகிறது, அறம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாதவாறு இரண்டும் பின்னிக் கிடந்தன. அப்பிணைப்பு எவ்வாறு அமைந்தது, அதில் இருந்த குறை யாது, பின்னர் அஃது எவ்வாறு நெகிழ்ந்தது என்பன ஆசிரியர் அனைவரும் அறியத்தக்கன.

மணலே பலகை

ஐந்து வயது நிரம்பிய பிள்ளையை நல்ல நாள் பார்த்துப் பள்ளியில் வைப்பது வழக்கம். விசயதசமி அதற்குச் சிறந்த நாள். பிள்ளையாரை வணங்கியபின், பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து ஆசிரியர் முதல் எழுத்தை எழுதுவிப்பார். பின்னர் மணலே பலகை; விரலே எழுதுகோல். கை தேறியபின் பனையோலையும் எழுத்தாணியும் வரும். பொழுது புலரும்போதே பிள்ளைகள் திண்ணையில் கூடிப் படித்த பாடத்தை முறை சொல்வர். தேர்ந்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குக் கற்பிப்பான்.

ஆசிரியருக்கு அரசின் சம்பளம் இல்லை. பெற்றோர் கொடுக்கும் சிறு தொகையும், அறுவடைக்கால நெல்லுமே அவர் வருவாய். நவராத்திரி நாள்களில் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று பாட, ஊரார் ஆசிரியருக்கு அன்பளிப்பு வழங்குவர். வழிபாடும் படிப்பும் ஊர் வாழ்வும் ஒரே திண்ணையில் நடந்தன என்பதற்கு இவை சான்றாகும்.

எழுத்தோடு வந்த அறம்

அரிச்சுவடி முடிந்ததும் பிள்ளையின் கைக்கு வருவது ஔவையாரின் ஆத்திசூடி. அந்நூலின் அமைப்பே ஒரு கல்வித் திட்டம் எனலாம். அகர வரிசையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறம் உரியது. அகரத்தைப் படிக்கும் குழந்தை நன்மை செய்ய விரும்பக் கற்கிறது. ஆகாரத்திலே சினத்தை அடக்கக் கற்கிறது. இகரம் இருப்பதை ஒளிக்காமல் ஈயச் சொல்கிறது. ஈகாரம் பிறர் ஈவதைத் தடுக்காதே என்கிறது. எழுத்தை நினைவில் வைக்க அறம் உதவியது. அறத்தை நினைவில் வைக்க எழுத்து உதவியது. கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி என்பன அதனைத் தொடர்ந்தன.

கணக்கிலும் அவ்வாறே. எண்சுவடியில் பிள்ளை மனனம் செய்த பின்னங்களுள் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அதனினும் நுண்ணிய கீழ்வாய் இலக்கங்களும் உண்டு. நெல் அளவும் நில அளவும் பொன் நிறையும் இக்கணக்கினால் அமைந்தவை. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ஓர் ஆழாக்குக் குறைந்தாலும் கண்டுகொள்ளும் பிள்ளைக்கு, நேர்மை என்பது ஏட்டுச் சொல்லாக மட்டும் இருந்திருக்க முடியாது.

மன்றோ எடுத்த கணக்கு

சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமசு மன்றோ, 1822ஆம் ஆண்டு நாட்டுப் பள்ளிகளைப் பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். 1826 மார்ச்சு 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் இருந்த பள்ளிகளும் கல்லூரிகளும் 12,498, மக்கள்தொகை 12,850,941. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஆசிரியர்களின் மாத வருவாய் பெரும்பாலும் ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை என்றும் அவர் எழுதினார்.

இப்பள்ளிகளின் புகழ் அதற்கு முன்னரே கடல் கடந்துவிட்டது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான காப்பகத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அம்முறையைக் கைக்கொண்டார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் ‘சென்னை முறை’ இங்கிலாந்தில் பரவியது. மணலும் சட்டாம்பிள்ளை முறையும் கப்பலேறின, ஆத்திசூடி ஏறவில்லை. முறை வேறு, அதன் உயிர் வேறு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

திண்ணையின் குறை

ஆயினும் பழைமை என்பதனாலேயே போற்றுதல் நடுவுநிலையாகாது. தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பெல்லாரி மாவட்டத்தின் ஆட்சியர் காம்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைப் பாராட்டினார். அதே அறிக்கையில், பிள்ளைகள் பொருள் அறியாது செய்யுள்களை ஒப்பிக்கின்றனர் என்றும் குறை கூறினார். இக்குறை அம்மாவட்டத்தோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டுத் திண்ணைகளிலும் நெட்டுருவே மேலோங்கியது. பிரம்பும் ஓயாது பேசியது. சினம் அடக்குமாறு ஓதிய பிள்ளையின் முதுகில் ஆசிரியரின் சினம் விழுந்தது.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. மன்றோ திரட்டிய விவரங்களின்படி, தமிழ் மாவட்டங்களில் மாணவருள் பெரும்பாலோர் அந்தணர் அல்லாத குடிகளின் பிள்ளைகளே. அது பெருமைதான். ஆனால் பெண் பிள்ளைகள் மிகச் சிலர். தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குத் திண்ணை எட்டாததாகவே இருந்தது. ஈவதைத் தடுக்காதே என்று உரக்க ஓதிய திண்ணை, கல்வியை ஈவதைத் தானே தடுத்தது. உள்ளிருந்த பிள்ளை ஓலையில் ஓர் அறத்தைக் கற்றது; தெருவில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து அதற்கு மாறான ஒன்றையும் கற்றது. இவ்விரண்டில் எது ஆழப் பதிந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட்டு ஒடுக்கப்பட்டோர்க்கென இலவசப் பள்ளி தொடங்கியது 1894ஆம் ஆண்டில்தான்.

பிரிந்த வரலாறு

1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை அரசுப் பள்ளிகளில் சமயச் சார்பு கூடாது என வகுத்தது. பல சமயத்தார் வாழும் நாட்டில் அது தகுந்த ஏற்பாடே. எனினும் சமயத்தோடு சேர்ந்து அறமும் வகுப்பறையினின்று நழுவிவிட்டதோ என்னும் கவலை விரைவில் எழுந்தது. 1882இல் அமைந்த ஹண்டர் ஆணையம், எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான நீதிநூல் ஒன்றைக் கல்லூரிகளுக்கு ஆக்கலாம் எனப் பரிந்துரைத்தது. ஆணைய உறுப்பினருள் ஒருவரான பம்பாய்க் காசிநாத் திரியம்பக் தெலங் அதற்கு உடன்படவில்லை. அரசும் அப்பரிந்துரையை ஏற்கவில்லை. ஒரு நூலை எழுதிவிட்டால் அறம் வந்துவிடுமா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

தோட்டத்துக் கொட்டகையில்

மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. பல தோட்டங்களில் கட்டடம் வெறும் கொட்டகை. ஆசிரியரும் கங்காணியாகவோ கிராணியாகவோ இருந்ததுண்டு. கல்வித் தரத்தைப் பெரிதாகப் பேசுவதற்கில்லை. ஆனால் எந்தத் திண்ணையில் தம் பாட்டனார் கால்வைக்க முடியாதிருந்ததோ, அந்தத் திண்ணைக்குரிய அரிச்சுவடியையும் ஆத்திசூடியையும் பேரப்பிள்ளைகள் பலர் இக்கொட்டகைகளில் அமர்ந்து ஓதினர். ஔவையின் அறம் அன்றுதான் தனக்குரிய மாணவர் அனைவரையும் நோக்கி நடக்கத் தொடங்கியது எனலாம்.

1983 முதல் மலேசியத் தொடக்கப் பள்ளிகளில் நன்னெறிக் கல்வி தனிப் பாடமாக வந்தது. அதற்கெனப் பாடநூலும் பாடவேளையும் உள்ளன, அவை வேண்டப்படுவனவே. ஆயினும் திண்ணைப் பள்ளியின் வரலாறு ஆசிரியர்க்கு இரண்டு பாடங்களை விட்டுச் சென்றிருக்கிறது. எழுத்தையும் கணக்கையும் கற்பிக்கும் வேளைகளிலும் அறம் கற்பிக்கப்படுகிறது என்பது ஒன்று. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையை ஆசிரியர் எவ்வாறு நடத்துகிறார் என்பதை முன்வரிசைப் பிள்ளைகள் பார்த்துப் படிக்கின்றனர் என்பது மற்றொன்று. அந்தப் பாடத்திற்குத் தனி வேளை இல்லை. பள்ளி மணி அடித்தது முதல் அடங்கும்வரை அது நடந்துகொண்டே இருக்கிறது.