விற்காமல் வைத்த புட்டிகள்: பியோண்டி-சாந்தி குடும்பமும் புருனெல்லோவின் மதிப்பும்

இத்தாலியின் டொஸ்கானா பகுதியிலுள்ள மொண்டால்சீனோவில் இன்று 2,000 ஹெக்டேருக்கு மேல் புருனெல்லோ ஒயினுக்கான சான்ஜோவேசே திராட்சை பயிராகிறது. 1960களின் இறுதியில் அது நூறு ஹெக்டேரைக்கூட எட்டியிருக்கவில்லை. மலைச்சரிவின் மண்ணும் காற்றும்தான் இவ்வளர்ச்சிக்குக் காரணம் என்பர். ஆனால் அந்த மண் அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. இவ்வூர் ஒயினைச் சேகரிப்பாளர் தேடும் பொருளாக்கியதில், ஒரு குடும்பம் தன் நிலவறையில் விற்காமல் வைத்த பழைய புட்டிகளுக்கே முதன்மையான பங்கு உண்டு என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

மொண்டால்சீனோவின் இல் க்ரெப்போ தோட்டத்தைச் சேர்ந்த க்ளெமென்டே சாந்தி தயாரித்த 1865ஆம் ஆண்டுச் சிவப்பு ஒயின் 1869இல் உள்ளூர் வேளாண் கண்காட்சியில் பரிசு பெற்றது. அவருடைய மகள்வழிப் பேரன் ஃபெர்ருச்சோ பியோண்டி-சாந்தி துணிந்து வேறு வழியில் சென்றார். பல திராட்சைகளைக் கலந்து இளமையிலேயே குடித்துத் தீர்ப்பது அன்றைய டொஸ்கானா வழக்கம். அவரோ சான்ஜோவேசே ஒன்றையே தேர்ந்து நட்டு, அதன் ஒயினைப் பெரிய மரப் பீப்பாய்களில் நெடுநாள் முதிரவிட்டார். மிகச் சிறந்த விளைச்சல் ஆண்டுகளில் மட்டும் வெளியிடும் ‘ரிசெர்வா’ ஒயினில் முதலாவது 1888இல் பிறந்தது. அடுத்தவை 1891, 1925, 1945. முதல் 57 ஆண்டுகளில் நான்கே நான்கு! சிறந்த விளைச்சல் வாய்க்காத ஆண்டுகளில் ரிசெர்வா வருமானத்தைக் கைவிடும் மன உறுதியை இந்த எண்ணிக்கையே காட்டுகிறது.

ஃபெர்ருச்சோவின் மகன் டான்கிரேடி தொடங்கிய ஒரு வழக்கம் தனிக் கவனத்துக்குரியது. பல பத்தாண்டுகளில் தக்கை தளர்ந்து ஒயினின் அளவு குறையும். காற்று புகுந்து கெடுக்கும். எனவே பழைய புட்டிகளைத் திறந்து சுவைத்து, அதே ஆண்டின் இன்னொரு புட்டியைப் பலியிட்டு நிரப்பி, புதுத் தக்கை இடுவார்கள். திறந்த புட்டியை அசல் என்று ஏற்கலாமா என்ற ஐயம் நியாயமானதே. ஆயினும் எங்கெங்கோ கைமாறி, எந்த வெப்பத்தில் கிடந்தது என்றே அறியப்படாத புட்டியைவிட, தயாரித்தவரே சுவைத்து உறுதிசெய்தது நம்பத்தக்கது என்பதே என் நிலைப்பாடு. ஒயினைப் பொறுத்தவரை, தொடாமல் விடுவது பாதுகாப்பு ஆகாது.

இப்படிக் காத்த பழைய புட்டிகளின் இருப்புதான் பின்னர் சான்றாக நின்றது. சான்ஜோவேசே நூறாண்டு தாங்கும் என்று சொல்ல 1888, 1891ஆம் ஆண்டுப் புட்டிகள் கையில் இருந்தன. 1969இல் லண்டனிலுள்ள இத்தாலியத் தூதரகத்தில் எலிசபெத் அரசிக்கு இத்தாலிய அதிபர் சரகாத் அளித்த விருந்தில் 1955ஆம் ஆண்டு ரிசெர்வா பரிமாறப்பட்டது. உலகின் கண் மொண்டால்சீனோ மீது திரும்பியது. 1980இல் இத்தாலியின் மிக உயர்ந்த தரச்சான்றான டிஓசிஜி புருனெல்லோவுக்குக் கிடைத்தது. சான்ஜோவேசே மட்டும், மரத்தில் நீண்ட முதிர்வு என்ற அதன் விதிகள் க்ரெப்போவின் நடைமுறையையே பெரிதும் ஒத்திருந்தன. ஒரு வீட்டின் வழக்கம் ஊருக்குச் சட்டமானது.

டான்கிரேடியின் மகன் ஃப்ராங்கோ 2013இல் மறைந்தார். 2016இல் பிரெஞ்சு நிறுவனமான இபிஐ பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. குடும்பம் போனால் ஒயினும் போயிற்று என்ற புலம்பலை நான் ஏற்கவில்லை. மதிப்பைத் தந்தது இரத்த உறவன்று. விற்காமல் காத்த ஒழுக்கம். பழைய ஆண்டுகளின் இருப்பைப் புதிய உரிமையாளர் விற்றுத் தீர்த்தால் மட்டுமே பியோண்டி-சாந்தி என்ற பெயர் வெறும் வணிகக் குறியாகும்.