கேசடியா: சீஸ் இல்லாமலும் நிலைத்த பெயர்

மெக்சிக்கோ நகரின் தெருவோரக் கடையொன்றில் கேசடியா கேட்டால், ‘சீஸ் போட்டா, போடாமலா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். அந்நாட்டின் ஏனைய பகுதியினருக்கு இந்தக் கேள்வியே வேடிக்கை. பெயரிலேயே சீஸ் இருக்கிறதே என்பது அவர்களின் வாதம்.

சொல்லை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். ஸ்பானிய மொழியில் ‘கேசோ’ என்றால் சீஸ். அது ‘காசியஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. சீஸ் சேர்த்துச் செய்யும் ஒருவகைப் பலகாரத்தை ஸ்பெயினில் ‘கேசாடா’ என்பர். சிறியது என்று பொருள்தரும் விகுதி சேர்ந்து அது ‘கேசடியா’ ஆனது. எல் சல்வடோரில் இன்றும் கேசடியா என்பது இனிப்பான சீஸ் கேக்.

மெக்சிக்கோவிலோ இந்தப் பெயர் வேறொரு உணவில் போய் ஒட்டிக்கொண்டது. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, அரைத்து, மெல்லிய ரொட்டியாகத் தட்டி, உள்ளீடு வைத்து மடித்துச் சுடுகிறார்கள், சிலர் பொரிக்கிறார்கள். பூசணிப்பூ, காளான், உருளைக்கிழங்கு என எதுவும் உள்ளே போகலாம். இந்த ரொட்டி ஸ்பானியருக்கு முந்தியது. பூர்வகுடிகளின் நாவாட்டில் மொழியில் அதன் பெயர் ‘த்லாஷ்கல்லி’. சுடப்பட்டது என்று பொருள். ஆஸ்டெக் மக்களின் தலைநகரம் 1521இல் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அதற்கு முன் அங்கு மாடும் இல்லை, ஆடும் இல்லை. ஆகவே சீஸும் இல்லை.

சீஸ் இல்லாத கேசடியாவை நியாயப்படுத்த ஒரு கதை உலவுகிறது. ‘மடித்த ரொட்டி’ எனப் பொருள்படும் ‘கெட்சாடிட்சின்’ என்ற நாவாட்டில் சொல்லே கேசடியாவாகத் திரிந்தது என்பார்கள். ஆனால், நாவாட்டில் மொழியில் அப்படியொரு சொல் இல்லை. அது பின்னாளில் புனையப்பட்டது.

அந்தப் புனைவின் பின்னாலுள்ள ஏக்கம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் அது தேவையில்லை என்பேன். பெயர் வென்றவர்களுடையது; சோளமும் சுடும் முறையும் தோற்றவர்களுடையவை. பொய்யான வேர் ஒன்றைக் காட்டாமலே அந்த உரிமை நிற்கும்.

நாங்கள் சம்பலோடு தின்னும் பாணும் அப்படித்தான். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் மொழிச்சொல் அது. அவர்கள் போய்விட்டார்கள், சொல் எங்களிடம் தங்கிவிட்டது. வந்த வழியை மறைக்காமலே அதை எங்கள் சொல் என்று சொல்லலாம்.