எடை குறைந்தால் மட்டும் போதுமா?

உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்னும் விழிப்புணர்வு கொங்கு மண்டலத்தில் பரவலாக வேரூன்றிவிட்டது. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் விடியும் முன்பே நடப்போர் கூடுகின்றனர். உடற்பயிற்சிக் கூடங்கள் சிற்றூர்கள் வரை வந்துவிட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், பட்டினி கிடந்து எடையைக் குறைத்தவர்களில் பலர், 'உடம்பு இளைத்தது, ஆனால் தொளதொளத்துப் போயிற்றே' என்று வருந்துவதையும் கேட்கிறோம். இத்தளர்ச்சி இடுப்புக்குக் கீழே, பிட்டப் பகுதியில்தான் முதலில் கண்ணில் படுகிறது.

காரணம் எளிது. அப்பகுதியின் வடிவத்தையும் இறுக்கத்தையும் எலும்பு, தசை, கொழுப்பு, தோல் ஆகிய நான்கும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அடியில் மூன்று பிட்டத் தசைகள் உள்ளன. அவற்றுள் பெரியதான குளூட்டியஸ் மேக்சிமஸ், மனித உடலின் மிகப் பெரிய தசை. அமர்ந்த நிலையிலிருந்து எழுவதற்கும், படியேறுவதற்கும் அதுவே முதன்மையான விசை. மற்ற இரண்டும் நடக்கும்போது இடுப்பு ஒருபுறம் சாயாமல் காக்கின்றன. தசை அடர்த்தியானது, அதன்மேல் படியும் கொழுப்பு மென்மையானது.

எனவே, உணவைக் குறைப்பதால் மட்டும் எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. உள்ளே தாங்கும் சுவர் மெலிய, மேலே போர்த்திய தோல் தொய்கிறது. மாறாக, தசையை மட்டும் வளர்த்துக் கொழுப்பை அப்படியே விட்டால், வலிமை கூடும். ஆனால் அது வெளியே புலப்படாது. தசை வளர, கொழுப்பு மெல்லக் குறைய, இரண்டும் சேர்ந்து நிகழும்போதே இறுக்கம் கிடைக்கிறது.

இங்கே இரு வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். இடுப்புக்கான பயிற்சியால் இடுப்புக் கொழுப்பு மட்டும் தனியே கரையாது. உடல் தன் சேமிப்பை எங்கிருந்து முதலில் எடுக்கும் என்பதைப் பெரிதும் மரபணுவும் பாலினமும் வயதுமே முடிவு செய்கின்றன. முதுமையாலோ, பெருமளவு எடை இழப்பாலோ நெகிழ்ச்சி இழந்த தோலைப் பயிற்சி முழுமையாக மீட்டுவிடாது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு எடைக் கருவி ஒரு நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கைப் போலவே தோன்றுகிறது. மொத்தத்தைச் சொல்லும், உள்ளே இருப்பது என்னவென்று சொல்லாது. புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் யாக்னிக், தம் பிரிட்டிஷ் நண்பர் யுட்கினுடன் சேர்ந்து 2004-இல் 'லான்செட்' இதழில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. மெலிந்து தோன்றும் இந்திய உடலிலும் தசை குறைந்து கொழுப்பு மிகுந்திருக்கக்கூடும் என்பதே இதன் பாடம்.

கொங்கு நாட்டில் இத்தசையை நம் முன்னோர் தனியே பயிற்சி செய்து வளர்க்கவில்லை, உழைப்பே வளர்த்தது. ஆழக் கிணறுகளில் கவலை பூட்டி, மாடுகளோடு சரிவில் நாளெல்லாம் ஏறி இறங்கினர். பெண்கள் குந்தியிருந்து களை பறித்தனர். ஆட்டுக்கல்லின் முன் தரையில் அமர்ந்து மாவாட்டி எழுந்தனர். 1930-களில் பைகாரா நீர்மின்சாரம் வந்தபின் கோவையின் தொழில் வளர்ந்தது. பம்புசெட்டும் வெட் கிரைண்டரும் இந்நகரின் அடையாளங்களாயின. அந்தச் சுமை நீங்கியது பெரும் பேறு. அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் திருப்பூரின் தையல் இயந்திரத்தின் முன்பும், கோவையின் கணினித் திரையின் முன்பும் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் தலைமுறைக்கு, உழைப்பு இலவசமாகத் தந்த தசையை ஈடுசெய்யும் வழியை நாம் வகுக்கவில்லை.

இது வெறும் அழகுப் பிரச்சினையன்று. நடுவயதிலிருந்தே தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. அறுபதைத் தாண்டினால் வேகம் கூடுகிறது. பிட்டமும் தொடையும் வலுவிழந்த முதியவர் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிவதில்லை. தடுமாறி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிகிறது. பலர் பின்னர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. எனினும், காலம் கடந்துவிட்டது என்று எவரும் கைவிட வேண்டாம். தொண்ணூறு வயதை ஒட்டிய தளர்ந்த முதியோருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளித்த அமெரிக்க ஆய்வொன்று 1990-இல் வெளியானது. அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொடைத் தசையின் பரப்பும் கூடியது.

வழி நம்மிடமே உள்ளது. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணமும், பழைய உடற்பயிற்சிச் சாலைகளின் பஸ்கியும் பிட்டத் தசைக்கு உகந்தவையே. நாற்காலியில் அமர்ந்து எழுவதிலிருந்து தொடங்கலாம். பின் படியேற்றம்; அதன்பின் கையில் சிறிது எடை. சுமை படிப்படியாகக் கூடினாலன்றித் தசை வளராது. சமதள நடை மட்டும் இதற்குப் போதாது. வாரம் இருநாளாவது தசை வலுப்படுத்தும் பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிமை சில வாரங்களில் கூடும். வடிவம் மாற மாதங்கள் ஆகும். மூட்டுவலியோ இதயநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

தசைக்கு மூலப்பொருள் புரதம். எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்தியர்க்கான நாள் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது பழமொழி. கொள்ளு தானாகக் கொழுப்பைக் கரைத்துவிடாது. ஆனால் நூறு கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உள்ள அது, நம் வீட்டுக் கொள்ளுப்பருப்பின் உண்மையான பெருமை. நாமக்கல் முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து இவற்றைக் கூட்டுவது பெருஞ்செலவன்று.

பூங்காக்களில் நடைபாதை அமைக்கும் உள்ளாட்சி அமைப்புகள், பெண்களும் முதியோரும் அச்சமின்றிப் பயன்படுத்தும் தசைப் பயிற்சிக் கருவிகளையும், கற்றுத்தர ஒருவரையும் அமர்த்த வேண்டும். எடைக் கருவி காட்டும் எண்ணைவிட, கையூன்றாமல் எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்பதே நம் உடல்நலத்தின் மெய்யான அளவுகோல்.